அடுத்த லிஃப்ட்டில் வருகிறேன்

எங்கள் வீட்டு நாய் உள்ளே வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்காது. வெளியே போகிறவர்களைப் பார்த்துத்தான் குரைக்கும். திருடன் வந்தால் வாலை ஆட்டி வரவேற்று உட்கார வைக்கும். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் அடுக்குமாடி புளோக்கையே எழுப்பும். இது எனக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவை இழக்கப் பார்த்தேன்.

நாய் என்னுடையது அல்ல, மகள் வாங்கியது. ஷெல்டி என்று சொல்லுகிற சாதி. நீள மூக்கு, கழுத்தைச் சுற்றி வெள்ளை மயிர், எந்நேரமும் எதையோ கணக்கெடுக்கிற கண். குளிர் நாட்டில் ஆடு மேய்க்கப் பிறந்தது. அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள சின்ன நாய்தான். ஆனால் உடம்புதான் சின்னது. மகளுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்தது. "ஒரு வருஷம்தான் மா, ப்ளீஸ் மா" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டுவிட்டு, இனிமேல் காலையில் நிதானமாகத் தூங்கி எழலாம் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்த சமயம் அது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. சிங்கப்பூரில், ஜாலான் புசார் பக்கத்தில் எங்கள் வாசலுக்கு அடுத்த வாசல் அவருடையது. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். மகன் தெம்பனிஸில் குடும்பத்தோடு இருக்கிறான். நான் வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் என் மகள் பள்ளி விட்டு வந்து சோறு தின்றது அக்கா வீட்டில்தான். என் கணவருக்கும் எனக்கும் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்வதும் அக்காதான். தீர்ப்பு எப்போதும் என் கணவருக்குச் சாதகமாகவே வரும், அது வேறு விஷயம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி ஒரு தூக்கு எங்களுக்கு வந்துவிடும். தீபாவளிக்கு முதல் ஈடு முறுக்கு அவருக்குப் போகும்.

நாய் வந்த முதல் வாரமே அக்கா வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "எனக்கு நாய் ஆகாது பாத்துக்க. அது எச்சில் படக்கூடாது. கொஞ்சம் தள்ளி வச்சுக்க."

கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் இந்த ஊரில் மதம் என்று வந்துவிட்டால் நாமெல்லாம் நுனிக்காலில் நடக்கிறவர்கள். ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் கேட்க மாட்டோம். எது கூடும், எது கூடாது என்று நாமே மனதுக்குள் ஒரு சட்டம் எழுதி, அதற்கு நாமே பயந்து நடப்போம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.

முதல் சட்டம் லிஃப்ட். நாயோடு நிற்கும்போது அக்கா வந்தால், "நீங்க போங்கக்கா, நான் அடுத்ததுல வர்றேன்" என்பேன். நாய் வைத்திருக்கிற எல்லோரும் இங்கே செய்கிற மரியாதைதான் இது. அக்காவும் தலையசைத்துவிட்டுப் போவார். கதவு மூடும். மூடியதும் நாய் தொண்டை கிழியக் குரைக்கும். எனக்கு மானம் போகும். என்னதான் மரியாதையாக ஒதுங்கி நின்றாலும், இந்தப் பிசாசு அவரை விரட்டி விரட்டிக் குரைக்கிறதே என்று.

காலையில் அக்கா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்புவார். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும். உடனே எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து கச்சேரி ஆரம்பம். அவர் லிஃப்ட் ஏறும்வரை ஓயாது. மெல்பர்னுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அவனுக்கு போரடிக்குது மா. ஹெர்டிங் டாக் மா அது. ஓட விடணும், மூளைக்கும் வேலை குடுக்கணும். டயர்ட் ஆயிட்டா குரைக்க மாட்டான்" என்றாள்.

சரி, இதைக் களைப்படைய வைத்தே தீர்வது என்று இறங்கினேன்.

முதலில் மாடிப்படி. மேல் மாடிவரை ஏற்றி இறக்கினால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அவன் இரண்டு மாடி ஏறுவான், நான் வருகிறேனா என்று பார்க்கத் திரும்பி வருவான், மறுபடி ஏறுவான். நான் ஒரு முறை ஏறுவதற்குள் அவன் மூன்று முறை ஏறியிருப்பான். மூச்சு வாங்கி விழுந்தது நான்தான். ஒரு நாள் நடுவழியில் படியில் உட்கார்ந்துகொண்டு, அவனை மட்டும் மேலே போய்வா என்று அனுப்பப் பார்த்தேன். போகவே மாட்டேன் என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஏமாற்றுகிறவளைக் கண்டுபிடிக்க அதிகப் படிப்பு வேண்டியதில்லை.

அடுத்தது துணி காயப்போடும் மூங்கில் கழி. அதன் நுனியில் என் கணவரின் பழைய பனியனைக் கட்டி, புளோக்குக் கீழே புல்தரையில் நின்று சுற்றினேன். பனியன் தரையோடு ஓட, இவன் அதைத் துரத்தி வட்டமடிக்க, எனக்கே கொஞ்சம் குஷி பிறந்துவிட்டது. அந்த வழியே போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "சிலம்பம் கத்துக்குறீங்களா மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பனியன் போனதில் என் கணவருக்கு வருத்தம். அது இன்னும் உடுத்தக்கூடிய பனியனாம்.

நாய்களை அவிழ்த்து ஓடவிடுவதற்கென்றே வேலி போட்ட திடல்கள் இங்கே உண்டு. அங்கேயும் கூட்டிப்போனேன். மற்ற நாய்கள் பந்தைத் துரத்தின. இவன் நாய்களைத் துரத்தினான். ஒரு பூடில், இரண்டு பொமரேனியன், மூச்சுவிடவே சிரமப்படும் ஒரு பக், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலையில் சேர்த்து நிறுத்திவிட்டு, முன்னால் படுத்துக் காவல் காத்தான். சேர்க்கப்பட்ட நாய்கள் முழித்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் என்னை முறைத்தார்கள். பக்கின் சொந்தக்காரி ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். நானும் தமிழில் என்னவோ சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குள்ளே துண்டைச் சுருட்டி, மடிப்புக்கு மடிப்பு பிஸ்கட் துண்டு ஒளித்துக் கொடுத்தேன். அது அவனுக்குப் பிடித்தது. கண்ணாமூச்சி அதைவிடப் பிடித்தது. என் கணவர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிவார், நான் திரைச்சீலைக்குப் பின்னால். அவன் அவரைக் கண்டுபிடித்துக் கூடத்துக்குத் தள்ளிவந்து, பிறகு என்னைக் கண்டுபிடித்து அவர் பக்கத்தில் கொண்டுவந்து விட்டால்தான் ஆட்டம் முடிந்ததாக ஒப்புக்கொள்வான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த இவ்வளவு பாடுபட்டவர் வேறு யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாப் பக்கம் கூட்டிப்போனேன். அன்று அங்கே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். கிராஞ்சியிலிருந்தும் எங்கெங்கோ இருக்கும் தொழிலாளர் விடுதிகளிலிருந்தும் வந்த தம்பிமார் புல்தரையெங்கும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் என்ன ரகளை செய்யப்போகிறதோ என்று பயந்தேன். அவன் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். எல்லோரும் ஏற்கெனவே சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டான். "அக்கா, இதுக்கு நாலு ஆடு வாங்கிக் குடுத்துடுங்க" என்று ஒரு தம்பி சிரித்தான். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

இத்தனை பாடும் எதற்கு? அக்காவுக்காகத்தான். நாய் அடங்கினால் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். குரைப்பு கொஞ்சம் குறையவும் செய்தது. ஆனால் இதற்கிடையில் என் சட்டப் புத்தகம் பெருத்துவிட்டது. நாயைத் தடவிய கையால் பிசைந்த மாவு என்று அந்தத் தீபாவளிக்கு அக்காவுக்கு முறுக்கு அனுப்பவில்லை. என் துணியிலெல்லாம் நாய் மயிர் என்று அவர் வீட்டுக்குள் போவதை விட்டேன். அவர் எங்கள் கதவைத் தட்டினால், நாய் பாய்ந்துவிடுமோ என்று கதவிடுக்கிலேயே பதில் சொல்லி அனுப்பினேன். கேட்டால் மரியாதை என்பேன். நோன்பு மாதம் வந்தது, போனது. கஞ்சித் தூக்கு வரவில்லை. நாய் வீட்டுக்கு எப்படிக் கொடுப்பார், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்தேன்.

பிறகு ஒரு நாள் அக்காவின் மகன், கோட்டுப் போட்ட ஒருவரோடும் ஒரு சீனத் தம்பதியோடும் வந்தான். அவர்கள் அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், குழாயைத் திருகிப் பார்த்தார்கள், நடைவழியில் நின்று அகலம் பார்த்தார்கள். நாய் எங்கள் கதவுக்குப் பின்னால் சத்தமே போடவில்லை. வருகிறவர்கள்தானே.

"அம்மா எங்ககூட வந்துடறதா சொல்லிட்டாங்க ஆண்ட்டி. வீட்டை வித்துடலாம்னு இருக்கோம்" என்றான் மகன்.

அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன். "நாயைக் குடுத்துடலாங்க."

"பொண்ணு என்ன சொல்லுவா?"

"பொண்ணு மெல்பர்ன்ல இருக்கா. நான்தான இங்க இருக்கேன்."

அவர் கோவிலில் பார்த்துப் பழகிய ஒருவர் காத்தோங்கில் தரைவீட்டில் இருந்தார். தோட்டம் உண்டு, முன்பு நாய் வளர்த்த மனிதர். சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றார். மகள் போனில், "ஓகே மா, உங்களுக்கு முடியலன்னா ஓகே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாய் என் காலடியில் படுத்து, நானும் கணவரும் ஒரே அறையில் இருக்கிற திருப்தியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கு இரண்டு நாள் முன்பு காலையில் நாயோடு நடந்துவிட்டுத் திரும்பினேன். கீழே லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே அக்கா, பாசார் தள்ளுவண்டியோடு. வழக்கம்போல் பின்வாங்கினேன்.

"நீங்க போங்கக்கா. நான் அடுத்ததுல வர்றேன்."

அக்கா பொத்தானை அழுத்தவில்லை. தள்ளுவண்டியை வாசலில் குறுக்கே நிறுத்தினார். கதவு வந்து வண்டியில் முட்டித் திறந்துகொண்டது.

"அடுத்தது, அடுத்தது. எத்தனை நாளைக்கு நீ அடுத்ததுலயே வருவ?"

"நாய் இருக்குல்லக்கா..."

"நாய் அடுத்ததுல வரட்டும். நீ என்கிட்ட பேசறதும் அடுத்ததுலதானா?"

நல்ல சேதியாவது சொல்லிவிடலாம் என்று, "நாயைக் குடுத்துடறேன்க்கா. சனிக்கிழம வந்து கூட்டிட்டுப் போறாங்க. இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல. நீங்க வீட்டை விக்க வேணாம்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாய்க்குப் பயந்து யாராச்சும் வீட்டை விப்பாங்களா? பைத்தியம் மாதிரி பேசாத லா."

"பின்ன எதுக்குப் போறீங்க?"

"ஏன் போக மாட்டேன்? கதவைத் தட்டுனா இடுக்குல நின்னு பதில் சொல்ற. தீபாவளிக்கு ஒரு முறுக்கு வரல. நான் நாய் ஆகாதுன்னு சொன்னதுல உனக்குக் கோவம்னு நெனச்சுட்டேன். கஞ்சி குடுத்தனுப்பினா மூஞ்சியத் திருப்பிக்குவியோன்னு அதையும் அனுப்பல. இந்த புளோக்குல எனக்கு வேற யாரு இருக்கா சொல்லு? அங்க போனா மருமகளாவது ரெண்டு வார்த்தை பேசுவா."

"நாயைத் தொட்ட கைன்னுதான்க்கா முறுக்கு குடுக்கல. நீங்க எப்படிச் சாப்பிடுவீங்கன்னு..."

"கையக் கழுவிட்டு மாவு பிசைய மாட்டியா?" கதவு மறுபடி முட்டித் திறந்தது. அக்கா வண்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எச்சில் பட்டா எப்படிக் கழுவணும்னு எனக்குத் தெரியும். என் மார்க்கம், நான் பாத்துக்குறேன். எனக்காக நீ எதுக்குப் பாத்துக்குற? நாய் ஆகாதுன்னேன். நீயும் ஆகாதுன்னு எப்ப சொன்னேன்?"

நான் அழுதுவிட்டேன். கீழ்த்தளத்தில், காலை வேளையில், ஒரு கையில் நாய்க் கயிறும் மறு கையில் நாயின் கழிவுப் பையுமாக நின்று அழுதேன். அக்கா வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். லிஃப்ட்டுக்காகப் பின்னால் காத்திருந்த சீனப் பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "லிஃப்ட் ரோசாக் ஆ?" என்று கேட்டார். கெட்டுப்போகவில்லை, நீங்கள் போங்கள் என்று இருவரும் கையைக் காட்டினோம்.

"இது ஏன் இப்ப குரைக்கல?" என்றார் அக்கா.

குனிந்து பார்த்தேன். நாய் எங்கள் இருவருக்கும் முன்னால் காலை நீட்டிப் படுத்திருந்தது. நாக்கு தொங்க, கண் பாதி மூடி, அன்று புல்தரையில் படுத்திருந்த அதே திருப்தியோடு. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இவன் கணக்கில் அக்காவும் எங்கள் வீட்டு ஆள். பாசாருக்குப் போனால் ஒரு ஆள் குறைகிறது. லிஃப்ட் கதவு மூடினால் ஒரு ஆள் பிரிகிறது.

"நீங்க போறப்பதான்க்கா குரைப்பான். வர்றப்ப ஒருநாளாச்சும் குரைச்சிருக்கானா?"

அக்கா யோசித்தார். "அப்ப இத்தனை நாளும் என்னை விரட்டல?"

"கூப்பிட்டிருக்கான்."

"நீ கூப்பிடல, இது கூப்பிட்டிருக்கு" என்றார் அக்கா. அது எனக்கு நன்றாக வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

காத்தோங்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சரி என்றார். மகளிடம் சொன்னபோது மெல்பர்னில் அவள் போட்ட கூச்சலில் நாய் என் போனையே சுற்றி வந்தது.

இரண்டு பேர் எதிரெதிரே தூரமாக நின்று மாறி மாறிக் கூப்பிடுவதுதான் இந்தச் சாதி நாய்க்கு நல்ல ஓட்டம் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். என் கணவரை எதிரே நிறுத்திப் பார்த்தேன். அவர் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் திட்டிக்கொண்டே இருந்தார். எனவே காலையில் அக்கா, நான், நாய் மூவரும் காலாங் ஆற்றங்கரைக்குப் போக ஆரம்பித்தோம். புல்தரையின் அந்தக் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அக்கா அதற்குப் பின்னால் நிற்பார். இந்தக் கோடியில் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். கயிறு பெஞ்சுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிற மாதிரி அளந்து நிற்பேன். முதல் நாள் அளவு தப்பி, அவன் பெஞ்சைச் சுற்றி ஓடி அக்காவையும் பெஞ்சையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டான். அவர் கத்திய கத்தலில் ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எச்சில் படவில்லை. நீளப் பாவாடை முழுக்கப் புல். அவிழ்த்துவிடும்போது பார்த்தால், அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவருக்கே ஆட்டத்தில் வெறி பிடித்துவிட்டது. கேரட்டை நறுக்கி டப்பாவில் கொண்டுவருவார். அவன் பெஞ்சுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் ஒரு துண்டு வீசுவார். உட்காராமல் ஆடினால், "ஒழுங்கா உக்காரு, என் பேரன் மாதிரி ஆடாத" என்று அதட்டுவார். அவன் அப்படியே உட்கார்ந்துவிடுவான். என் பேச்சை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ஓடி ஓடிக் களைத்ததும் நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்வோம். என் காலுக்கு அந்தப் பக்கம் அவன் விழுந்து படுப்பான். வீட்டுக்கு வந்தால் மத்தியானம்வரை மூச்சு இருக்காது.

ஒன்றை மட்டும் நான் கேட்கவே இல்லை. வீட்டு விஷயம். அக்காவும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. மகனிடம் சரி என்று சொன்னவர், பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், நான் எந்த வாயால் இருங்கள் என்பது? ஒவ்வொரு நாள் காலையும் இதுதான் கடைசியோ என்று நினைத்துக்கொண்டே நீளக் கயிற்றை மாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஆற்றங்கரைக்கே தேடி வந்துவிட்டான். அந்தக் கோடியில் அம்மா பக்கத்தில் போய் நின்றான். நாய் அப்போது என் பக்கம் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. காலை நேரம், சத்தமில்லை, அவன் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏஜெண்ட் பதில் கேட்டுக்கிட்டே இருக்காரு மா. என்ன சொல்லட்டும்?"

அக்கா மகனைப் பார்க்கவில்லை. புல்தரைக்கு இந்தப் பக்கம், எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தெம்பனிஸுக்கு வந்துட்டா, இந்தப் பக்கம் நின்னு யாரு கூப்பிடுவா?"

மகன் பதில் சொல்வதற்குள் அவர் பெஞ்சைத் தட்டி, "வாடா" என்றார். என் கையிலிருந்த கயிறு சரசரவென்று ஓட ஆரம்பித்தது.